நுங்கம்பாக்கத்தில் முடிந்த 23 ஆண்டு காத்திருப்பு

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் நடந்த சென்னை ஓப்பன் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிர்ரெலை 6-4, 6-3 என்று வென்றார். சக நாட்டவரான அல்டிலா சுட்ஜியாதியுடன் சேர்ந்து இரட்டையர் கோப்பையையும் அந்த வாரமே கைப்பற்றினார். மழையால் ஆட்டங்கள் தள்ளிப்போய், அட்டவணையே கலைந்துகிடந்த வாரம் அது. இரண்டு கோப்பைகளும் ஒரே நாட்டுக்குப் போனதை நம் ஊர் விளையாட்டுப் பக்கங்கள் ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டன. ஜகார்த்தாவில் அது பெரிய செய்தி. ஓர் இந்தோனேசியப் பெண் டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் வென்று 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

28 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு ஏன் இவ்வளவு நீண்ட இடைவெளி? திறமைக்குப் பஞ்சம் என்றால் அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு விளக்கம் கிடைக்காது. யோக்யகர்த்தாவில் பிறந்த யாயுக் பசுகி 1991-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் வென்று, டபிள்யூடிஏ பட்டம் வென்ற முதல் இந்தோனேசியர் ஆனார். 1997-ல் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். அதே ஆண்டு உலகத் தரவரிசையில் 19-ஆம் இடம். அடுத்து பாண்டுங் நகரத்து ஆஞ்சலிக் விஜயா. 2001 விம்பிள்டன் ஜூனியர் இறுதியில் அவரிடம் தோற்றவர், பின்னாளில் உலகின் முதலிடத்துக்கு வந்த ரஷ்யாவின் தினாரா சஃபினா. அந்த ஆண்டே பாலியில் நடந்த டபிள்யூடிஏ போட்டியில், தரவரிசையில் 500-க்கும் கீழே இருந்த 16 வயது ஆஞ்சலிக் பட்டமே வென்றுவிட்டார். 2002-ல் பட்டாயாவில் இரண்டாவது பட்டம். பிறகு காயங்கள். இருபதுகளின் தொடக்கத்திலேயே அவருடைய ஆட்டக்காலம் ஏறக்குறைய முடிந்துபோனது.

இந்த இருவருக்கும் வாய்த்து, பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்காத ஒன்று உண்டு: சொந்த மண்ணில் பெரிய போட்டி. யாயுக் 1993, 1994 இரண்டு ஆண்டுகளும் ஜகார்த்தாவிலேயே பட்டம் வென்றவர். ஆஞ்சலிக் வென்ற பாலி போட்டிக்கு விஸ்மிலாக் என்ற உள்ளூர் சிகரெட் நிறுவனம் புரவலர். (சிகரெட் பணத்தில் பெண்கள் டென்னிஸ் நடந்த காலம், இன்று யோசித்தால் விசித்திரம்தான்.) போட்டியை நடத்துபவர்கள் தரவரிசை பார்க்காமல் சிலரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதுதான் வைல்ட் கார்டு. அது பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களுக்கே போகும். ஊரில் போட்டி இல்லையென்றால் அந்தச் சீட்டும் இல்லை. பாலியில் கடைசியாக டபிள்யூடிஏ போட்டி நடந்தது 2011-ல். டென்னிஸ் மட்டையைப் பிடிக்க வந்த அடுத்த தலைமுறைக்கு உள்ளூர்க் கதவு அதோடு மூடிக்கொண்டது. விளையாட்டுக்கென்று இருந்த பணமும் பெருமையும் எப்போதும்போல இறகுப்பந்தின் பக்கம் சாய்ந்தன. 1992 பார்சிலோனாவில் சூசி சுசாந்தி நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஆட்டம் அல்லவா!

வைல்ட் கார்டு இல்லாதவர் எப்படி மேலே வருவது? பெண்கள் டென்னிஸின் அடித்தளம் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் சிறிய போட்டிகள். டபிள்யூ 15, டபிள்யூ 35, டபிள்யூ 75 என்று அவற்றுக்குப் பெயர். பட்டம் வென்றால் எத்தனை தரவரிசைப் புள்ளி என்பதைப் பெயரே சொல்லிவிடும். அவற்றுக்கு மேலே டபிள்யூடிஏ 125, 250, 500, 1000. உச்சியில் 2000 புள்ளி தரும் கிராண்ட்ஸ்லாம்கள். அடிமட்டத்தின் நிலைமை பரிதாபமானது. டபிள்யூ 15 போட்டியில் ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்தே பரிசுப் பணம் 15,000 டாலர்தான். முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது விமானச் சீட்டுக்கே காணாது. பயிற்சியாளரை உடன் அழைத்துப்போவதெல்லாம் வசதி படைத்த குடும்பங்களின் சமாச்சாரம். ஆசியாவிலிருந்து வரும் பெண்களில் பலர் இந்தப் படியிலேயே கையிருப்பும் பொறுமையும் தீர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

2002-ல் ஜகார்த்தாவில் பிறந்த ஜானிஸ் இந்தச் செலவைச் சுற்றிக்கொண்டு போனார். பள்ளி முடித்து அமெரிக்கா. முதலில் ஓரிகான் பல்கலைக்கழகம், பிறகு கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான மாலிபுவில் உள்ள பெப்பர்டைன். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் நம் கல்லூரி விளையாட்டு விழா மாதிரி அல்ல. உதவித்தொகை, முழுநேரப் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட், பயணச் செலவு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஓர் அணி ஆட்டத்தில் ஆறு ஒற்றையருக்கு ஆறு புள்ளி, இரட்டையர் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு புள்ளி. நான்கு எடுத்த அணிக்கு வெற்றி. மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது, ஆடி முடிக்காத கடைசி ஆட்டக்காரரைச் சுற்றித்தான் மொத்தக் கூட்டமும் நின்று கத்தும். பதினெட்டு வயதில் தனியாளாக ஏதோ ஒரு நாட்டில், பார்வையாளரே இல்லாத மைதானத்தில் முதல் சுற்றில் தோற்பதைவிட இது எவ்வளவோ மேலான பள்ளி என்பது என் எண்ணம். இந்தப் பாதையில் வந்தவர் அவர் மட்டுமல்ல. அவரோடு சென்னையில் கோப்பை ஏந்திய அல்டிலாவும் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்தான்.

2024-ல் சமூகவியல் பட்டத்தோடு வெளியே வந்த ஜானிஸுக்கு வயது 22. டென்னிஸ் கணக்கில் இது தாமதம். ஆஞ்சலிக் அந்த வயதில் ஏறக்குறைய ஓய்வுக்கே வந்துவிட்டார். அந்த ஆண்டு முடிவில் ஜானிஸின் தரவரிசை 400-க்கும் வெளியே. அங்கிருந்து சிறிய போட்டிகளில் பட்டங்களைக் குவித்து, 2025 ஆகஸ்டில் யு.எஸ். ஓப்பன் தகுதிச்சுற்றுக்குள் நுழைந்தார். 128 பேர் மோதி, மூன்று ஆட்டம் வென்ற 16 பேர் மட்டுமே பிரதான சுற்றுக்குப் போகும் சல்லடை அது. மூன்றையும் வென்றார். முதல் சுற்றில் 24-ஆம் நிலை வீராங்கனை வெரோனிகா குடெர்மெடோவாவை 6-4, 4-6, 6-4 என்று வீழ்த்தியபோது, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தோனேசியப் பெண் வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் சுற்றில் பிரிட்டனின் எம்மா ராடுகானுவிடம் 6-2, 6-1 என்று தோற்றார். மறுபேச்சுக்கு இடமில்லாத தோல்வி. ஆனால் இரண்டாம் சுற்றோடு வெளியேறியவருக்கே அந்த ஆண்டு அங்கே பரிசு 1,54,000 டாலர். பயிற்சியாளர், பயணம், சிகிச்சை என்று அடுத்த ஓராண்டை ஓட்டும் பணம் அந்த ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அடுத்த மாதமே பிரேசிலின் சாவோ பாலோவில் டபிள்யூடிஏ 250 போட்டியின் இறுதிவரை போனார்.

அவருடைய ஆட்டத்தில் முதலில் கண்ணில் படுவது பேக்ஹேண்ட் ஸ்லைஸ். இப்போதைய பெண்கள் டென்னிஸில் பெரும்பாலானோர் இரு கையாலும் பேக்ஹேண்டை ஓங்கி அடிப்பவர்கள். இடுப்புயரத்துக்கு எழும்பிவரும் பந்துதான் அவர்களுக்குத் தீனி. ஜானிஸ் ஒரு கையால் பந்தின் அடியைச் சீவிவிட, அது வலையை ஒட்டிப் போய்த் தரையோடு வழுக்கும். எதிராளி முழங்காலை மடக்கிக் குனிந்து அதைத் தூக்கித்தான் அனுப்ப வேண்டும். அப்படித் தூக்கிய பந்து குட்டையாக வந்து விழும்போது, ஜானிஸ் சுற்றி வந்து டாப்ஸ்பின் ஏற்றிய ஃபோர்ஹேண்டில் முடிப்பார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்நிலை வீராங்கனை ஆஷ் பார்ட்டியின் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் பழக்கமானது. ஜானிஸும் அவரையே தன் ஆதர்சம் என்று சொல்லியிருக்கிறார்.

சென்னைப் பட்டத்தோடு தரவரிசையில் முதல் 60 பேருக்குள் வந்துவிட்டார். கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கு நேரடி இடம் உண்டு என்பதால், இனி தகுதிச்சுற்றில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் தரவரிசைக் கணக்கு 52 வாரத்துக்குத்தான். நுங்கம்பாக்கத்தில் சேர்த்த 250 புள்ளிகளும் ஓராண்டு கழிந்ததும் கணக்கிலிருந்து போய்விடும். அதே அளவு புள்ளியை வேறெங்காவது எடுத்தால்தான் இடம் நிற்கும். சிறிய போட்டிகளில் அடுக்கடுக்காக வெல்வது ஒரு வேலை, வாராவாரம் முதல் ஐம்பது பேரோடு மோதுவது வேறு வேலை. முதலாவதைச் செய்து காட்டிவிட்டார். இரண்டாவதற்கு அவர் மெல்போர்ன், துபாய், பாரிஸ், நியூயார்க் என்று சுற்ற வேண்டும். ஜகார்த்தா ரசிகர்கள் அதையெல்லாம் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடியும்.