தறிவீட்டு விளக்கில் கட்டெறும்பின் ஆண்

மழை ஓய்ந்த மாலைகளில் ஆரணித் தறிவீடுகளின் விளக்கைச் சுற்றி இறகுள்ள பூச்சிகள் மொய்ப்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். கண்டவுடன் ஈசல் என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஈசல் என்பது இறகு பெற்ற கரையான். அது வீட்டினுள்ளிருந்தே கிளம்புமாயின் தறிக்காலையும் உத்திரத்தையும் உடனே சோதிக்க வேண்டும். ஆயினும் வருபவை யாவும் ஈசல் அல்ல. கட்டெறும்பின் ஆணும் அவற்றுள் உண்டு. அதற்கஞ்சித் தறிக்குழியில் மருந்தடித்துப் பட்டு நூலைக் கறைப்படுத்திக்கொள்வது வீண் நஷ்டமாகும்.

கைப்பேசியில் படமெடுத்து விஷயமறிந்தோரைக் கேட்பது இந்நாளில் எளிது. ஆனால் எடுக்கும் படங்களிற் பல பயனற்றவை. மங்கிய வெளிச்சத்தில் மேலிருந்து எடுப்பதால், இறகுகள் இடையை மூடிவிடுகின்றன. பார்க்க வேண்டிய உறுப்போ அந்த இடைதான். ஆகவே பூச்சியை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, அருகில் ஒரு ரூபாய் நாணயத்தையும் இட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுத்தல் வேண்டும்.

ஈசலுக்கு இடை ஒடுங்குவதில்லை. நான்கு இறகுகளும் ஒரே அளவின. உணர்கொம்பு மணிச்சரம்போல் நேராக இருக்கும். கட்டெறும்புக்கோ இடை நூலாக ஒடுங்கி, அதில் ஒற்றைக் கணு நிமிர்ந்து நிற்கும். முன்னிறகு பின்னிறகைவிடப் பெரிது. உணர்கொம்பு முழங்கைபோல் மடியும்.

ஆணா, ராணியா என்பது அடுத்த கேள்வி. ஆணுக்குத் தலை சிறிது, கண்கள் பெரியவை, தாடை மெலிந்தது, வயிறு ஒல்லி. ராணியோ பெருந்தலையும் பருத்த வயிறும் உடையவள். உணர்கொம்பில் ஆணுக்கு 13 கணுக்கள், ராணிக்கு 12. கைப்பேசிப் படத்தில் இவற்றை எண்ணுவது கடினமே. படம் தெளிவாயின் இறகின் நரம்புகளும் உதவும்: மற்றும் பல எறும்புகளின் முன்னிறகில் காணும் ‘டிஸ்காய்டல்’ என்னும் சிற்றறை இதற்கு இராது.

இவ்வளவும் கூடினால் ‘காம்போனோட்டஸ்’ பேரினம் என்று சொல்லலாம். அதற்குமேல் இன்ன வகையென ஆணின் படத்தை மட்டும் கண்டு துணிந்துரைப்பவரை நம்ப வேண்டியதில்லை. வகைகளைப் பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளைக் கொண்டே பிரித்திருக்கிறார்கள். ஆதலால் அதே புற்றின் வேலைக்கார எறும்பையும் படமெடுத்துச் சேர்த்தனுப்புவது நலம்.

மேல்நாட்டார் இவ்வினத்தைத் தச்ச எறும்பு என்பர். அமெரிக்காவில் அதன் ஒரு வகை வீட்டு மரத்தைக் குடைவது மெய்யே. நம் பக்கத்துக் கறுப்புக் கட்டெறும்பு, 1787-இல் பாப்ரீசியஸ் என்பவர் பெயரிட்டது, பெரும்பாலும் மரத்தடி மண்ணிலேயே புற்று வைக்கும். பயிரிடுவோர்க்கு அதன்மேல் வேறொரு வழக்குண்டு: இனிப்பு நீருக்காக அசுவினியைக் காத்து வளர்ப்பது. அதுவும் வேலைக்கார எறும்புகளின் செயல். ஆண் மரத்தைக் குடையாது. இணைசேரப் பறந்து, சில நாட்களுக்குள் மடிந்துபோகும்.

காலையில் விளக்கடியில் ஒரே அளவான உதிர்ந்த இறகுகள் குவிந்திருந்தாலோ, தறிக்காலில் மண்கூடு ஏறியிருந்தாலோ, அது கரையான். படத்திற்கும் பதிலுக்கும் காத்திராமல் மரத்தைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.