யந்திரம் காணாத முகங்கள்

கணினியை ஆக்குவது ஒரு கல்வி. அக்கணினி மனித சமூகத்தை எவ்வாறு மாற்றுகின்றது என ஆராய்வது மற்றொரு கல்வி. இவ்விரண்டாவது துறையிலே இன்று பல சர்வகலாசாலைகள் பட்டப்பின் படிப்பை நடத்துகின்றன. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலை 2001ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. "இப்படிப்பினால் விளையும் பயன் யாது?" என்று பெற்றோர் வினவுதல் இயல்பே. அமெரிக்காவில் மாணவி ஒருவர் செய்த ஆராய்ச்சி அவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

வெள்ளை முகமூடி

கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஜோய் புவோலம்வினி. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பயின்ற காலத்தில், முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றை அவர் பயன்படுத்த நேர்ந்தது. அஃது அவருடைய கரிய முகத்தைக் காணவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை அணிந்து நின்றார்; உடனே கண்டுகொண்டது!

இதனையே தமது முதுமாணிப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சிப் பொருளாக அவர் எடுத்துக்கொண்டார். ருவாண்டா, செனகல், தென்னாபிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர் 1,270 பேருடைய படங்கள் திரட்டப்பட்டன. பெண் உறுப்பினர் கணிசமாக உள்ள சபைகள் இவை. ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், சீனக் கம்பனி ஒன்று ஆகிய மூன்றும் விற்பனை செய்த மென்பொருள்கள் அப்படங்களைப் பார்த்து, ஆணா பெண்ணா என்று கூறவேண்டும். இதுவே பரீட்சை.

சராசரி மறைத்த உண்மை

மொத்தத்திலே நூற்றுக்கு 88 முதல் 94 வரையான விடைகள் சரியாயிருந்தன. நல்ல தேர்ச்சி என்றே எவரும் எண்ணுவர். ஆனால், நிறத்தையும் பாலையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டபோது வேறொரு காட்சி தோன்றிற்று. வெண்ணிற ஆண்களைப் பொறுத்தவரை பிழை நூற்றுக்கு ஒன்றையும் எட்டவில்லை. கருநிறப் பெண்களிலோ ஒரு மென்பொருளின் பிழை நூற்றுக்கு 34.7 ஆயிற்று. மூவரில் ஒருவரை அது ஆண் என்று கூறிவிட்டது! டிம்னிட் கெப்ரு என்னும் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 2018இல் அவர் இம்முடிவை வெளியிட்டார்.

இவ்வகை யந்திரங்கள் மாதிரிப் படங்களைக் கொண்டே பழக்கப்படுகின்றன. வேறு படங்களைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. அக்காலத்திற் சோதனைக்கு வழங்கிவந்த படத்தொகுதி ஒன்றிலே நூற்றுக்கு 86 பேர் வெண்ணிறத்தவர். பரீட்சைத் தாளிலேயே இடம்பெறாதவர்களுக்கு நேரும் தவறு எவ்வாறு வெளிப்படும்?

பிழையின் விலை

இது வெறும் எண்களின் விவகாரமன்று. முகமறியும் கருவிகள் பொலிசாரின் கையிலும் உள்ளன. 2020 ஜனவரியில், அத்தகைய கருவி தவறாகக் காட்டியதை நம்பி, டெட்ரொயிட் நகரப் பொலிசார் குற்றமற்ற கறுப்பினத்தவர் ஒருவரை மனைவி மக்களின் கண்ணெதிரே கைதுசெய்தனர். ஏறத்தாழ 30 மணிநேரம் அவர் காவலில் இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பொதுவான முகமறியும் மென்பொருள்களை இனி விற்பதில்லை என ஐ.பி.எம். அறிவித்தது. தக்க சட்டம் வரும்வரை அமெரிக்கப் பொலிசாருக்கு அவற்றை விற்பதில்லை என மைக்ரோசொப்ட் கூறிற்று.

கணிதம் வல்லாருக்கு மட்டும் உரியதன்று இத்துறை. சட்டம், வரலாறு, சமூகவியல் கற்றோருக்கும் இங்கே வேலையுண்டு. சராசரியைக் கண்டு திருப்தியடையாது, அதிலே விடுபட்டவர் யார் என வினவும் மனம் வேண்டும். அம்மனம் படைத்த மாணவருக்கு இக்கல்வி காத்திருக்கின்றது.