டிஸ்சார்ஜ் நாளுக்குப் பிறகு

போரில் மனம் உடைந்து திரும்பிய வீரருக்குச் சிகிச்சை பலித்ததா என்பதை அவர் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் முடிவுகட்டக் கூடாது. அமெரிக்கா இந்தப் பாடத்தை வியட்நாம் போருக்குப் பிறகு கற்றது. அந்த வீரர்களின் போராட்டமும் சேர்ந்துதான் 1980-இல் 'பிடிஎஸ்டி' என்ற மன அதிர்ச்சி நோய்க்கு மருத்துவக் கையேட்டில் இடம் வாங்கித் தந்தது. அவர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் தீவிர சிகிச்சை வார்டுகளும் வந்தன. அப்படி நான்கு மாதம் தங்கியவர்களை ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வு 1996-இல் வெளியானது. கிளம்பும்போது குடும்ப உறவில் தெரிந்த முன்னேற்றம் அதற்குள் கரைந்திருந்தது. நோயின் அறிகுறிகளும் குறையவில்லை. குறுகிய காலம் தங்கியவர்களைவிட நெடுங்காலம் தங்கியவர்கள் நலமாக இல்லை, செலவுதான் கூடியது என்று அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு சொன்னது.

இன்றைய தீவிர சிகிச்சை வேறு வகை. அதன் ஒரு முறையில், அஞ்சி ஒதுக்கிய நினைவை வீரர் சிகிச்சையாளர் முன் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்கிறார். தவிர்த்துவந்த இடங்களுக்குப் போய்ப் பழகுகிறார். வாரம் ஒரு முறை என்றால் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 916 முன்னாள் வீரர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் இந்த முறையில் சேர்ந்தவர்களில் 56 சதவீதம் பேர் முடிக்கவில்லை. இதை அவர்களுடைய அசட்டை என்று சொல்வது அநியாயம். நினைவைத் தவிர்ப்பதே இந்நோயின் ஓர் அறிகுறி. ஒரு வார இடைவெளி அந்தத் தவிர்ப்புக்கு இடம்கொடுக்கிறது. அட்லாண்டாவின் எமரி, சிகாகோவின் ரஷ் போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் தினமும் சிகிச்சை தருகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முடித்துவிடுகிறார்கள். ரஷ்ஷில் தணிந்த அறிகுறிகள் 12 மாதம் வரை பெருமளவு அப்படியே நின்றன.

இவ்வளவு வேகம் புண்ணைக் கிளறிவிடாதா என்ற அச்சம் இயல்பானதுதான். டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் 370 வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2018-இல் இதற்குப் பதில் தந்தது: பத்து அமர்வுகளை இரண்டு வாரத்தில் முடித்தாலும் எட்டு வாரத்துக்குப் பரப்பினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவது ஆட்சேபத்தை இவ்வளவு எளிதில் தள்ள முடியாது. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு மூன்று வாரம் வரத் துணிகிறவர்கள் ஏற்கெனவே உறுதி மிக்கவர்கள். ஒரு வருடம் கழித்துப் பதில் அனுப்புகிறவர்கள் தேறியவர்களாகவே இருக்கலாம். ரஷ் தரும் எண்களை இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். வீரர்களுக்கான முன்னணிச் சிகிச்சைகளை அலசிய 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, முடிவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் நீடித்ததாகக் காட்டியது. ஆகவே தீவிர முறை நோயை வேரோடு பிடுங்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். பாதியில் விட்டுப் போகிறவர்களை அது கடைசிவரை கொண்டுசேர்க்கிறது. அதுவே பெரிய காரியம்.

ஆனால் ஓர் ஆண்டுக் கணக்கு போதாது. போர் முடிந்து சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வியட்நாம் சென்றவர்களில் ஏறத்தாழ 2,71,000 பேர் இந்நோயோடோ அதன் ஓரளவு அறிகுறிகளோடோ வாழ்ந்தார்கள். நீண்ட காலம் பின்தொடர்வதும் முடியாததல்ல: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைச் சிகிச்சைக்குப் பின் 5 முதல் 10 ஆண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்கள் பெற்ற நலம் நிலைத்திருந்தது. மூன்று வாரத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதே பொறுமையோடு வீரர்களையும் பத்தாண்டு பின்தொடரவும், மறுபடி தடுமாறுகிறவரைத் திரும்ப அழைக்கவும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.