காற்றின் வழி: பழைய மோட்டார்ஹோமும் அதன் எஞ்சின் விசிறியும்

படுக்கை, அடுப்பு, குளியலறை என ஒரு சிறு குடும்பத்தின் தேவைகள் அனைத்தையும் தன்னுள் கொண்டு சாலையில் ஓடும் வீடே மோட்டார்ஹோம் எனப்படுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜிஎம்சி மோட்டார்ஹோம், முன்சக்கரங்களால் இழுக்கப்படும் அமைப்பாலும் தாழ்வான தளத்தாலும் தனித்து நின்றது. அரை நூற்றாண்டு கடந்த பின்பும் ஆர்வலர்கள் அதைப் பழுது நீக்கி, பேணி, நெடுந்தொலைவு ஓட்டி வருகின்றனர். அதன் முன்பகுதியில் 455 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 7.5 லிட்டர் கொள்ளளவுள்ள ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின் அமைந்திருந்தது. பிற்கால வண்டிகளில் 6.6 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இத்தகைய வண்டியைப் பேணுவோர் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் சிக்கல், கோடைக்கால மலையேற்றத்தில் எஞ்சின் அளவுமீறிச் சூடாவதாகும்.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஏறத்தாழ 5 டன் எடையுள்ள வண்டி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே சுமார் 41 கிலோவாட் திறன் தேவைப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினில் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்கு ஏறக்குறைய ஈடான வெப்பம், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் நீர்மத்தில் சேர்கிறது என்பதால், அத்தனை வெப்பத்தையும் ரேடியேட்டர் காற்றுக்குக் கடத்தியாக வேண்டும். சமவெளியில் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே இந்த வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. ஏற்றத்திலோ வெப்பம் மிகுந்து வேகம் குறைவதால், பெரும் பொறுப்பு விசிறியின் மேல் விழுகிறது. கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை இருக்கும் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுவதால், அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது நகர்த்தும் காற்றின் எடை குறைந்து, வெப்பத்தைச் சுமந்து செல்லும் திறனும் குறைகிறது.

இவ்வண்டிகளின் மூல விசிறி, எஞ்சினால் சுழற்றப்படுவது. இடையே பாகுக் கிளட்ச் என்னும் இணைப்பு உண்டு. அதனுள் அடைபட்ட சிலிக்கோன் எண்ணெயின் பாகுத்தன்மையே சுழற்சியைக் கடத்துகிறது. முகப்பில் உள்ள ஈருலோகச் சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து வால்வைத் திறக்க, எண்ணெய் பாய்ந்து விசிறி விசையுடன் சுழலத் தொடங்குகிறது; காற்று குளிர்ந்ததும் பிடி தளர்கிறது. பல ஆண்டுகளில் எண்ணெய் கசிந்தாலோ சுருள் தளர்ந்தாலோ, விசிறி சுழல்வதுபோல் தோன்றினாலும் போதிய காற்றை இழுப்பதில்லை. எஞ்சின் சூடாக இருந்து அணைக்கப்பட்ட நிலையில் விசிறி தடையின்றிப் பல சுற்றுகள் சுழல்வதும், கிளட்சின் நடுப்பகுதியில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதும் இந்தத் தளர்வின் அடையாளங்கள்.

மேம்பாட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வலுவான புதிய கிளட்சையும் அதற்கேற்ற விசிறியையும் பொருத்துவது. இது எளிது, நம்பகமானது, ஆனால் முழுப் பிடியில் பேரிரைச்சல் எழுப்பும். மேலும், விசிறி எஞ்சினிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது வேகம் இருமடங்கானால் எட்டு மடங்காக உயர்வதால், மலையேறத் தேவையான எஞ்சின் வலுவில் ஒரு பகுதி அதற்கே செலவாகிறது. இரண்டாவது, மின்விசிறிகள்; எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் இவை முழு வேகத்தில் இயங்கும். ஆனால் விசிறி ஒன்றுக்கு 30 ஆம்பியர் எனக் கொண்டால் இரண்டு விசிறிகளுக்கு 60 ஆம்பியர் வேண்டும் என்பதால், அதைத் தாங்கும் ஆல்டர்னேட்டர், தடித்த கம்பிகள், தனி ரிலே, ஃபியூஸ் ஆகிய அனைத்தும் சேர்ந்தே மாற வேண்டும். மெல்லிய பழைய கம்பியில் இந்த மின்னோட்டத்தைச் செலுத்துவது தீ விபத்தை வரவேற்பதாகும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், விசிறியைவிட அதன் காற்று செல்லும் வழியே முதன்மையானது. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடைப்பட்ட கூடு சரியாகப் பொருந்தாவிட்டால், விசிறி தன் ஓரங்களில் உள்ள வெப்பக் காற்றையே சுழற்றி விழுங்கும். ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேற்புறத்திலும் இடைவெளி இருந்தால், எஞ்சின் அறையின் சூடு முன்புறம் திரும்பி மீண்டும் உள்ளே புகும். மின்விசிறிகளின் கூடு ரேடியேட்டரின் பெரும்பகுதியை மூடிவிட்டால், விரைவுச் சாலையில் எதிர்க்காற்றும் தடைபடும். இதற்காகவே அக்கூடுகளில் காற்றின் அழுத்தத்தால் தாமே திறக்கும் ரப்பர் மடல்கள் வைக்கப்படுகின்றன. அடைபட்ட ரேடியேட்டர், வலுவிழந்த அழுத்த மூடி, சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஆராயாமல் விசிறியை மட்டும் மாற்றுவது, நோயைக் கண்டறியாமல் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

மேம்பாடு பயனளித்ததா என்பதை இரைச்சல் சொல்லாது, வெப்பமானி சொல்லும். அதே ஏற்றத்தில், அதே சுமையுடன், வெயில் நாளில் ஏறும்போது முள் மெல்ல உயர்ந்து ஒரு நிலையில் நின்றுவிட்டால், எஞ்சின் வெளியிடும் வெப்பமும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பமும் சமநிலையை அடைந்துவிட்டன என்று பொருள். அந்தச் சமநிலையே பழைய வண்டியை இன்னும் பல மலைகள் கடந்து கொண்டுசெல்லும்.