இரத்தத்தின் அழுத்தமும் உள்ளத்தின் பதற்றமும்

என் தமையனார் கலங்கி நான் கண்டதில்லை. வீட்டில் மணமாயினும் மரணமாயினும் அவர் முகம் ஒன்றே. நானோ, கல்வி அதிகாரி வகுப்பறை வாயிலில் நின்றாலே நெஞ்சு படபடக்கும் தமிழாசிரியன். எங்கள் இருவரில் இரத்த அழுத்த நோய் எவரைப் பற்றும் என்று கேட்டிருந்தால், ஊரார் என்னையே சுட்டியிருப்பர். பற்றியதோ அவரை.

பதற்றம் அழுத்தத்தை உயர்த்துவது உண்மையே. அச்சம் தோன்றியவுடன் சிறுநீரகங்களின் மேலே அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரினலினைச் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, நாடிகள் ஒடுங்குகின்றன. ஆயின், அச்சம் அகன்றதும் அவ்வுயர்வும் தணிந்துவிடுகிறது. 1983 ஆம் ஆண்டில் மான்சியா என்னும் இத்தாலிய மருத்துவரும் அவர்தம் குழுவினரும், வைத்தியசாலையில் இருந்தோரின் நாடிக்குள்ளேயே நுண்குழாயைச் செலுத்தி அழுத்தத்தை இடையறாது பதிந்து வெளியிட்டனர். வைத்தியர் அருகே வந்த நான்கு நிமிடங்களுக்குள் மேலழுத்தம் சராசரியாக 27 மில்லிமீற்றர் அளவு ஏறிற்று; பத்து நிமிடங்களில் பெரிதும் இறங்கிற்று. அளக்க வந்தவரே அளவை மாற்றிவிட்டார்!

என் கதையும் அதுவே. வைத்தியசாலையில் 168 காட்டிய என் மேலழுத்தம், வீட்டிலே ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்தபோது சராசரி 128 ஆயிற்று. வைத்தியர் குளிசை தரவில்லை. இத்தகையோருள் சிலருக்குப் பின்னாளில் நிலையான நோய் வருவதுண்டு என்று கூறி, ஆண்டுதோறும் வந்து காட்டும்படி மட்டும் பணித்தார்.

தமையனாரின் நோய் வேறு. வயது, பரம்பரை, உப்பு, உடற்பருமன் முதலியவற்றால் ஆண்டுக்கணக்கில் ஊன்றி நிலைபெறும் உயர்வு அது. பெரும்பாலும் தலையிடியும் தராது, படபடப்பும் தராது. கவலை அதற்குத் துணைபோவதும் பல வேளைகளிற் புறவழியாலேயே: உறக்கம் கெடும், புகையும் மதுவும் பெருகும், குளிசை மறந்துபோகும்.

தபாற் கந்தோரிலிருந்து இளைப்பாறிய மறுமாதம் அவர் குளிசையை நிறுத்தினார். “மனத்திலே கவலை இல்லாதவனுக்கு இது என்னத்துக்கு, தம்பி?” என்றார். நானும் தலையசைத்தேன். சொற்பொருள் கற்பிப்பவனாகிய நான், மன அழுத்தம், இரத்த அழுத்தம் என்ற இரண்டிலும் ஒரே சொல் நிற்பதால் பொருளும் ஒன்றென மயங்கினேன். எட்டாம் மாதம், ஒரு விடியற்காலையில், கிணற்றடியில் அவர் வலக்கையிலிருந்து கயிறு நழுவிற்று. பாரிசவாதம் கையோடு பேச்சையும் கொண்டுபோயிற்று.

ஆகவே, அளவுகருவியை நம்புவோம். அதனையும் முறையறிந்து நம்புவோம். ஐந்து நிமிடம் அமைதியாயிருந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாது, இருமுறை அளத்தல் வேண்டும். வீட்டளவு தொடர்ந்து 135/85 ஐ எட்டுமாயின் வைத்தியரை நாடவேண்டும். ஒருமுறை சற்றே உயர்ந்ததென்று அஞ்சவும் வேண்டா. மனம் தெளிந்திருக்கிறதென்று குளிசையை விடவும் வேண்டா.

இப்பொழுது நாள்தோறும் காலையில் தமையனாருக்கு நானே அளக்கிறேன். இடக்கையை நீட்டி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணைச் சொன்னதும் மெல்லத் தலையசைப்பார். அன்று நான் தலையசைத்தது அப்பொழுது நினைவுக்கு வரும்.