தாம்பரத்துச் சானடோரியம்

முட்டுக்காட்டு உப்பங்கழியின் மீது மாலையில் தவழ்ந்து வரும் காற்றை இன்று உல்லாசத்திற்குரியதாக நாம் எண்ணினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுத்தமான காற்று என்பது க்ஷயம் எனும் காசநோய் கண்டோர்க்கு வைத்தியர் விதித்த சிகிச்சையாகவே இருந்தது. 1882ஆம் ஆண்டிலேயே ராபர்ட் கோக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்துவிட்டாரெனினும், அதனை வெல்லத்தக்க ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் திறந்த தாழ்வாரத்துப் படுக்கை, பூரண ஓய்வு, பாலும் முட்டையும் சேர்ந்த போஷாக்கான உணவு, கண்ட இடத்தில் உமிழாமல் சளியை மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து அழித்தல் ஆகியவையே வைத்தியர் கைக்கொண்ட முக்கிய சாதனங்கள்.

சென்னை ராஜதானியில் இம்முறைக்கு 1915இல் மதனப்பள்ளியில் கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி நிறுவிய சானடோரியம் என்னும் க்ஷயரோக மருத்துவமனை வழிகாட்டிற்று. செங்கற்பட்டு ஜில்லாவில் அத்தகையதொன்றைத் தொடங்கிய பெருமை டாக்டர் டேவிட் சவுரி முத்துவைச் சேரும். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே சானடோரியம் நடத்தி, க்ஷயம் என்று கருதப்பட்ட நோயுடன் வந்த கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த அவர், தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் பன்னிரண்டே படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் திறந்தார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அங்கே எழுந்த ரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது.

பன்னிரண்டு படுக்கைகள் என்ற எண்ணை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. காற்றோட்டமற்ற ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் நெருங்கி உறங்கும் குடும்பங்களிலேயே இந்நோய் மிகுதியாகப் பற்றிற்று. மாதக்கணக்கில் வேலையை விட்டுப் படுத்திருக்கும் வசதியோ அவர்களுக்குத்தான் அறவே இல்லை. அன்றாடக் கூலியை நம்பி அடுப்பு மூட்டும் வீட்டில் சம்பாதிப்பவன் நோயில் விழுந்தால், அவனுக்கு ஓய்வையும் பாலையும் விதிக்கும் வைத்தியம் எத்துணை உத்தமமாயினும், அது அவன் கைக்கு எட்டாத வைத்தியமே. சானடோரியங்களை நிறுவியோரின் தியாகத்தை நான் வணங்குகிறேன். ஆயினும் ஏழைக்குப் பரிகாரம் அவன் வீட்டு வாயிலைத் தேடி வந்திருக்க வேண்டும்.

அது வந்ததும் சென்னையிலேதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிசிகிச்சை மையத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசாங்கத்துடன் சேர்ந்து, நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தன. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், அதிகமாக உழைத்தனர், நெருக்கடியில் உறங்கினர். அவ்வாறிருந்தும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் வெளியான அறிக்கை காட்டிற்று. வீட்டிலிருந்த நோயாளிகளோடு ஒரே கூரையின்கீழ் வசித்த மனைவி மக்களைத் தொடர்ந்து கவனித்தபோதும், நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதனால் அவர்களுக்கு அபாயம் மிகுந்துவிடவில்லை என்பது தெளிவாயிற்று.