வழிகாட்டியும் வஞ்சகரும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் கயத்தாறு அமைந்துள்ளது. அவ்வழியே செல்லும் வெளியூரார் வழிகாட்டிப் பலகையை நம்பியே நடப்பர். அப்பலகையில் எவரும் தாம் விரும்பிய ஊரை எழுதலாமெனின், நம்பியவர் நிலை என்னாகும்?

இணையத்திலும் இத்தகைய குறை உண்டு. இணையப் பக்கங்களை அளிக்கும் வழங்கி, வந்தவரைச் சிலபோது வேறு பக்கத்திற்கு அனுப்பும். சேருமிடத்தை ஆராயாது, இணைப்பில் எழுதப்பட்ட முகவரியை அது அப்படியே ஏற்பின், அக்குறையைத் 'திறந்த வழிமாற்றம்' என்பர். இணைப்பின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் விளங்கும். முடிவிலோ கள்வரின் போலிப் பக்கம் காத்திருக்கும். புகழ்பெற்ற அப்பாச்சி வழங்கி மென்பொருளிலும் இத்தகைய குறையொன்று கண்டறியப்பெற்று, 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

ஒப்புக்கொண்ட முகவரிகளுக்கு மட்டுமே வழிவிடுதல் வழங்கியைக் காப்போர் கடமை. கடவுச்சொல்லை இடுமுன், வந்துசேர்ந்த பக்கத்தின் முகவரியை ஊன்றி நோக்குதல் பயன்படுத்துவோர் கடமை.